ஆறாவது குமிழும் அக்கராயன் நெல்லும்

பழைய அளவைக் கருவிகளுக்கு உதிரிப்பாகம் கடையில் விற்பதில்லை. செத்துப்போன இன்னொரு கருவியின் வயிற்றுக்குள்தான் அது கிடக்கும், அந்தச் செத்தது எங்கே கிடக்கிறதென்று தேடி அலைவதுதான் எங்கள் தொழில்.

இதே தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி எனக்கு ஒரு சின்னக் கடை. தராசு, பிரஷர் பார்க்கிற கருவி, நெல்லின் ஈரம் பார்க்கிற மீற்றர் எல்லாம் என்னிடம் வரும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பிழையென்றால் திருத்திக் கொடுப்பேன்.

நெல் மீற்றரைப் பார்க்க என்னிடம் ஒரு தடைப்பெட்டி இருக்கிறது. நான் பிறக்க முதலே எங்கோ ஒரு குளிர்நாட்டில் செய்தது. மரப்பெட்டி, மேலே ஆறு குமிழ். குமிழைத் திருகினால் மின்சாரத்துக்கு அளவான ஒரு தடை விழும். ஈர நெல்லுக்குள்ளால் மின்சாரம் இலகுவாக ஓடும், காய்ந்த நெல்லுக்குள்ளால் ஓடாது. ஆகவே ஆறாவது குமிழைக் குறித்த இடத்தில் வைத்து மீற்றரைத் தொடுத்தால் அது ஈரம் நூற்றுக்குப் பதினான்கு என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காட்டப் பண்ண வேண்டும். நெல்லு பதினான்குக்கு மேலே போனால் ஈரம், அரசாங்க நெல் களஞ்சியத்தில் எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் இதில் இருக்கிற விஞ்ஞானம்.

கடைசி இடப்பெயர்வின்போது அந்தப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் போட்டு, வளவில் இடுப்பளவு கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத்தான் போனேன். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடந்ததென்று சொல்ல மாட்டேன். பெட்டி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. என் மனுசி வாசற்படியில் இருந்து அழ, நான் குமிழைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மண்ணுக்குள்ளால் வந்த சாமான் என்றால் எனக்கு ஒரு பக்தி. அந்தப் பக்தி என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

மருந்தடிக்கிற ராங்கி

அக்கராயனில் பரமேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருக்கிறா. குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர் வயல். மனுசன் கடைசிச் சண்டையில் காணாமல்போனவர், பிள்ளைகள் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டத் தொடங்கிய வீடு சுவர் மட்டத்தோடு நிற்கிறது. அதற்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, எட்டு வருசமாக அதற்குள்தான் இருக்கிறா. அந்த வீட்டுக்கு ஒரு கூரை போட வேண்டும், அவாவுக்கு வேறொன்றும் வேண்டாம். முகட்டு மரத்தின் அளவு, ஓட்டின் எண்ணிக்கை எல்லாம் அவாவுக்கு மனப்பாடம்.

முதுகில் கொழுவி வயலுக்கு மருந்தடிக்கிற ராங்கியின் சார்ஜரைத் திருத்த ஒருநாள் கடைக்கு வந்தா. மார்கழி மாதம், பயிர் கதிர் தள்ள முந்திய குடலைப் பருவம். இந்தமுறை நெல்லைத் தனியாருக்குக் குடுக்கிறதில்லை, களஞ்சியத்துக்குத்தான் என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அக்கராயனில் மீற்றருக்கு முதலே ஒரு மீற்றர் இருந்தது, அது பரமேஸ்வரி அக்காவின் பல்லு. நாலு நெல்மணியைக் கடைவாய்ப் பல்லுக்குள் வைத்துக் கடிப்பா. டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் ஈரம். எல்லாரும்தான் கடிப்பார்கள், ஆனால் அவா கடித்துத் தலையாட்டினால்தான் பக்கத்து வயல்காரர்கள் சாக்கில் போடுவார்கள். அப்படிப்பட்ட பல்லை வைத்துக்கொண்டு ஏனக்கா மீற்றரைத் தேடுறியள் என்று பகிடியாகக் கேட்டேன். அவா சிரிக்கவில்லை.

“தனியார் வந்தா நெல்லைப் பாக்கிறேல்லைத் தம்பி, வீட்டிலை ஆம்பிளை நிக்குதோ எண்டுதான் பாக்கிறாங்கள். நான் என்னத்தைக் கடிச்சுச் சொன்னாலும் ஈரம் எண்டு சாக்குக்கு அஞ்சு கிலோ கழிப்பாங்கள். மீற்றருக்கு அந்தப் பழக்கம் இல்லைத்தானே?”

பெட்டி மண்டையைப் போட்டது

அறுவடைக்கு மூன்று கிழமை இருக்க, களஞ்சியங்களிலிருந்து ஆறு மீற்றர்கள் வந்து சேர்ந்தன. முதலாவதைத் தொடுத்து ஆறாவது குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. திரும்பவும் திருகினேன். முள்ளு அசையவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே விரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற அந்தத் தடை வெடித்துக் கிடந்தது. மற்ற ஐந்து குமிழும் சுகமாக இருந்தன. நெல்லுக்கு வேண்டிய ஆறாவதுதான் போனது. எங்கள் தொழிலில் வேண்டாதது ஒருநாளும் பழுதாகாது, உங்களுக்குத் தெரியும்.

கொழும்புக்கு அனுப்பினால் தைப்பொங்கலுக்குப் போனது சித்திரை வருசத்துக்குத்தான் திரும்பி வரும். ஆகவே அதே அளவில் இன்னொரு கண்ணாடித் தடை தேட வேண்டும். கிடைத்ததை அளந்து பார்க்க என் மேசை மீற்றர் இருக்கிறது, சரியான தடையென்றால் அதில் பத்துக் காட்ட வேண்டும். வருசத்துக்கு ஒருக்கால் பெட்டியோடு வைத்து அதையும் சரிபார்க்கிறனான், ஆகவே அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. களஞ்சியப் பொறுப்பாளர் சுதன், வயது குறைந்த பொடியன், தலையில் கை வைத்தபடி கடை வாசலில் நின்றான்.

“அண்ணை, மீற்றர் பாக்காட்டி நாங்கள் நெல்லு எடுக்கேலாது. எடுக்காட்டி சனம் என்ர சட்டையைத்தான் பிடிக்கும், உங்கட பெட்டியைப் பிடிக்காது.”

கிலோக் கணக்கு

முதலில் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன். கடைசிச் சண்டை நடந்த பக்கம், அங்கே ஒரு பழைய இரும்புக் கடை. முதலாளியின் பெயர் சிவம். அந்தக் கடைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் இனி வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வருவேன். நெளிந்த சைக்கிள் வளையம், தையல் மெசின் தலை, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, எரிந்த மோட்டர் சைக்கிள், எல்லாம் ஒரே குவியல். எல்லாவற்றிலும் ஒரே செம்மண். அந்த மண் எங்கத்தையது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கதைக்கிறதில்லை.

குவியலின் அடியில் ஏதோ பழைய ஆய்வுகூடக் கருவி ஒன்றின் உடம்பு கிடந்தது. முகம் இல்லை, பெயர் இல்லை. உள்ளே பார்த்தால், நான் தேடுகிற அதே கண்ணாடித் தடை, ஒரு கீறல் இல்லாமல். மேசை மீற்றரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பத்துக் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது காட்டியது. பிழைச் சாமான். திரும்பவும் குவியலில் எறிந்தேன். எறிந்த கோபத்தில், இதெல்லாம் யாரின் வீட்டுச் சாமான் என்று சும்மா கேட்டுவிட்டேன். சிவம் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“செம்பு, பித்தளை, அலுமினியம் எண்டு பிரிக்க எனக்குத் தெரியும் அண்ணை. ஆர்ரை வீட்டுச் சாமான் எண்டு பிரிக்கப் போனா நான் கடையைப் பூட்டிப்போட்டு ஒப்பாரிதான் வைக்க வேணும்.”

கடதாசி பிரிக்காதது

அடுத்தது வவுனியா. அங்கே ரவூப் நானாவுக்கு வானொலிச் சாமான் கடை இருக்கிறது. முல்லைத்தீவில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது போய்ப் புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த மனுசன். வரும்போது அங்கே மூடிக் கிடந்த ஒரு ரேடியோக் கடையின் சாமான்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தவர். சின்னச் சின்னப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் தன் கையால் பெயர் எழுதி அடுக்கியிருப்பார். என்னைப் போன்றவன் அந்தக் கடைக்குள் போனால் கோயிலுக்குள் போனமாதிரிச் செருப்பைக் கழற்றுவான்.

ஏணியில் ஏறி இறங்கி, நான் கேட்ட சாமானை எடுத்து வைத்தார். செய்த இடத்தில் ஒட்டிய கடதாசி கூடப் பிரிபடவில்லை. அவரின் முகத்தில் ஒரு பெருமை. பிரித்து மேசை மீற்றரில் பிடித்தேன். இதுவும் ஒன்பது. நானா, இது பழுதாப்போட்டுது, வைச்சு வைச்சுக் கெட்டுப்போட்டுது என்று சொன்னேன். சொன்ன விதமும் சரியில்லை. இரண்டு நாள் அலைந்த அலுப்பு எனக்கு. நானாவின் முகம் கறுத்துப்போனது. சாமானைத் திரும்பவும் அதே கடதாசியில் சுற்றி, அதே பெட்டியில் வைத்து மூடினார்.

“தம்பி, போட்ட உடுப்போட வெளிக்கிட்டுப் போய் வாழ்ந்த ஆள் நான், ஆரையும் ஏமாத்தி வாழல்ல. இது கடதாசி பிரிக்காத சாமான். பிழை எண்டா, உங்கட கையில இருக்கிறதையும் ஒருக்காப் பாருங்க.”

பிஸ்கட் ரின்

நான் பார்க்கவில்லை. மல்லாவிக்குப் போனேன்.

மல்லாவியில் இராசமலர் ரீச்சரின் மனுசன் முந்தி ரேடியோ திருத்துகிறவர். பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து ஊருக்குச் செய்தி கேட்கப் பண்ணின ஆள். இடம்பெயர்ந்து போகும்போது சாமான்களைப் பிஸ்கட் ரின்களில் அடைத்து வளவில் தாட்டுவிட்டுப் போனவர்கள். இடைவழியில், எதையோ மறந்துபோனேன் எடுத்துக்கொண்டு வாறன் என்று அவர் திரும்பிப் போனார். அவ்வளவுதான். ரீச்சர் தனியாக ஊருக்கு வந்து, இடம் மட்டுக்கட்டிக் கிண்டி, ஏழு ரின்னையும் எடுத்தா. இப்போது அவை அவரின் வேலைமேசையில் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் அவரின் மூக்குக்கண்ணாடி, துடைத்து வைத்தபடி.

ரீச்சர் ரின்களைத் திறந்து காட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. நாலாவது ரின்னில், பஞ்சில் சுற்றியபடி இரண்டு கண்ணாடித் தடைகள் இருந்தன. மூடி கறள் பிடித்திருந்தது, பஞ்சில் செம்மண் ஊறியிருந்தது. ஒன்றை எடுத்து மீற்றரில் பிடித்தேன். பத்து. ஒரு மயிரிழை கூட விலகாமல் பத்து. மண் ஏமாற்றாது என்று நினைத்தேன், எனக்குக் கண் கலங்கியது. ரீச்சர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தா. காசைப் பற்றிக் கதைக்க விடவில்லை.

“கொண்டுபோங்கோ. ஆர் எடுத்தனீங்கள், என்ன எடுத்தனீங்கள் எண்டு ஒரு துண்டிலை எழுதி ரின்னுக்குள்ளை வைச்சிட்டுப் போங்கோ. அவர் வந்தா என்னோடைதான் சண்டைக்கு நிப்பார்.”

ஆறும் ஒரே கதை

எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். கிளிநொச்சிக்கு வந்து இறங்கியதும் நேரே கடைக்குப் போய், கைபடாமல் இடுக்கியால் பிடித்து, ஆறாவது குமிழுக்குள் அந்தத் தடையைப் பொருத்தினேன். ஆறு மீற்றர்களையும் ஒவ்வொன்றாகத் தொடுத்து, பதினான்கில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரே நெல்லை ஆறிலும் போட்டுப் பார்த்தால் ஆறும் ஒரே எண். எங்கள் தொழிலில் இப்படி ஒரு நாள் வருவது அபூர்வம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனுசியிடம் பெருமையடித்தேன். அவா மீன் வெட்டிக்கொண்டிருந்தா, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மீற்றர்களை எடுக்க வந்த சுதனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முந்தி ஒரு களஞ்சியத்தில் ஈரமென்று திருப்பினால், சனம் மற்றக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து இவனைத் திட்டுமாம்.

“இனி ஆரும் வாய் திறக்கேலாது அண்ணை. எங்கை கொண்டுபோனாலும் ஒரே கதைதான்.”

கடிச்சுப் பாரும்

மாசி மாதக் கடைசியில் பரமேஸ்வரி அக்கா கடைக்கு வந்தா. கையில் ஒரு சின்னப் பையில் நெல்லு. நெல்லை இரண்டு தரம் களஞ்சியத்துக்கு உழவு மெசினில் ஏற்றி இரண்டு தரமும் திருப்பிவிட்டார்களாம். பதினாறு காட்டுதாம். முதல்தரம் திருப்பியதும் முற்றத்தில் பரப்பிக் காயவிட்டுத்தான் இரண்டாம் தரம் கொண்டுபோனா. பையை மேசையில் வைத்து, நாலு மணியை எடுத்து என் உள்ளங்கையில் போட்டா. கடிச்சுப் பாரும் தம்பி என்றா. கடித்தேன். டக்கென்று உடைந்தது. எனக்கும் காய்ந்த நெல்லாகத்தான் பட்டது.

ஆனால் நான் மீற்றர்க்காரன் அல்லவா. கடையிலிருந்த மேலதிக மீற்றரில் நெல்லைப் போட்டேன். பதினாறு. பெட்டியைத் தொடுத்து மீற்றரைச் சரிபார்த்தேன். பதினான்கு, சரி. திரும்ப நெல்லு, திரும்பப் பதினாறு. அதோடு விட்டேனா? இல்லை. வெளியே காய்ந்திருக்கும், உள்ளுக்கு ஈரம் நிற்கும், பல்லுக்கு அது பிடிபடாது என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். நாற்பது போகம் நெல்லுக் கடித்த மனுசிக்கு நான் நெல்லைப் பற்றிப் படிப்பித்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் அடிக்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. அவா பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றா.

“நீர் படிச்ச மனுசன். உமக்கு என்னட்டைப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை.”

வீதியில் நெல்லு

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் பாதி வீதி வாகனத்துக்கு, பாதி வீதி நெல்லுக்கு. தார்ச் சூட்டில் ஒரு நாளில் காய்வது முற்றத்தில் மூன்று நாளில் காயாது. பரமேஸ்வரி அக்கா பிரதான வீதிக்குச் சாக்குகளைக் கொண்டுவந்து பரப்பி, கரையில் கல்லும் தடியும் வைத்து, வெறுங்காலால் அளைந்து அளைந்து விட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. மத்தியானம் போல், எதிரே வந்த பஸ்ஸுக்கு விலத்திய ரிப்பர் லொறி ஒன்று நெல்லுக்கு மேலால் ஏறி வந்து அவாவை அடித்துத் தள்ளியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள்.

நெல்லை அயலவர்கள் கூட்டி அள்ளினார்கள். கல்லும் மண்ணும் கலந்தது. இரத்தம் பட்டதை விலக்கிவிட்டு மிச்சத்தைச் சாக்கில் போட்டார்கள். களஞ்சியத்தில் பெயர் பதிந்த விவசாயி நேரே வந்தால்தான் எடுப்பார்கள், வர அவாவால் ஏலாது. அவா கட்டிலில் கிடக்கும்போதே கொள்வனவு முடிந்து களஞ்சியத்தைப் பூட்டினார்கள். நெல்லு அதே தனியாரிடம் போனது. பூட்ட முதல் ஒருநாள், அயலவர்கள் கொண்டுவந்து காட்டிய நெல்லை அளந்துவிட்டுச் சுதன் எனக்குப் போன் எடுத்தான்.

“அந்த அக்கான்ர நெல்லு இப்ப பதினாலு காட்டுது அண்ணை. குடுக்கத்தான் ஆள் இல்லை.”

கொழும்பிலிருந்து வந்த பெட்டி

வைகாசியில் கொழும்பிலிருந்து ஒரு தொழில்நுட்ப அதிகாரி வந்தா. பதுளைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இராது. மாவட்டம் மாவட்டமாகப் போய் எங்களைப் போன்றவர்களின் பெட்டிகளைச் சரிபார்ப்பதுதான் வேலை. கைப்பையளவு புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தா. என் பெட்டியை அதோடு தொடுத்தா. ஒன்று முதல் ஐந்து குமிழ் வரை தலையாட்டினா. ஆறாவதில் தலையாட்டவில்லை. என் மேசை மீற்றரையும் கேட்டு வாங்கித் தொடுத்தா. பிறகு எழுதுகிறதை நிறுத்திவிட்டு, இந்தத் தடையை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டா.

சொன்னேன். சொல்லிக்கொண்டு போகப் போக எனக்கே விளங்கிவிட்டது. என் பழைய கண்ணாடித் தடை வெடிக்க முதலே, கொஞ்சம் கொஞ்சமாக அளவில் கூடிக்கொண்டு போயிருக்கிறது. அது தெரியாமல் அந்தப் பெட்டியைப் பார்த்து மேசை மீற்றரைத் திருத்தினேன். பிறகு அந்த மீற்றரைப் பார்த்துப் பெட்டிக்குச் சாமான் தேடினேன். புதுக்குடியிருப்பில் கிடந்தது நல்ல சாமான், எறிந்தேன். நானா தந்தது நல்ல சாமான், பழுதென்று சொன்னேன். மண்ணுக்குள் கிடந்து ஈரம் குடித்து என் பெட்டி மாதிரியே கெட்டுப்போன ஒன்றைக் கண்டதும் கண் கலங்கி நின்றேன். ஆறு மீற்றரும் ஒரே கதை சொன்னது உண்மை. ஆறுக்கும் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கூடின தடையைப் பதினான்கென்று பழக்கினதால், உண்மையில் பதினான்காக இருந்த நெல்லு பதினாறாகத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து இப்படி என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். எத்தனை போகம் என்று சொல்ல வழியில்லையாம்.

“முன்னப் பின்ன தெரியாத ரெண்டு சாமானும் ஒன்பதுன்னு ஒண்ணாச் சொன்னப்பவே நீங்க யோசிச்சிருக்கணும் அண்ணே. அதுங்க ரெண்டும் பேசி வச்சிக்கிட்டா வந்திருக்கும்?”

சுதன் சொன்னது

அன்று பின்னேரமே சுதனிடம் போனேன். களஞ்சியத்தில் புறா எச்சம் கூட்டிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் மீற்றர் ஈரமென்று திருப்பியதெல்லாம் காய்ந்த நெல்லு என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினான். எத்தனை பேரைத் திருப்பினாய் என்று கேட்டேன். திரும்ப விளக்குமாற்றை எடுத்தான். எழுதி மேலிடத்துக்குக் குடுப்பம் என்றேன்.

எழுதியும் கொடுத்தேன். கடிதம் கிடைத்ததென்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் சுதன் அன்றைக்குச் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. அவன் கெட்ட பொடியன் இல்லை. பயந்த பொடியன்.

“சொல்லி என்ன செய்யப்போறியள் அண்ணை? திருப்பிவிட்ட நெல்லு இப்ப ஆரின்ரையோ வயித்துக்குள்ளை போட்டுது.”

அக்கராயன்

பரமேஸ்வரி அக்காவிடம் போக எனக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் மோட்டர் சைக்கிளை வெளியே எடுப்பேன், திரும்ப உள்ளே விடுவேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை போனேன். அவா கொட்டிலில் இல்லை. கொட்டில் வாசல் உயரம் குறைவு, ஊன்றுகோலோடு குனிந்து போக ஏலாதாம். அதனால் கூரை இல்லாத வீட்டுக்குள், இரண்டு சுவருக்குக் குறுக்கே நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டி அதற்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தா. ஒரு கால் நீட்டியபடி. வயலை இந்தப் போகம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டாவாம். நான் இருக்கத் தனக்குப் பக்கத்திலிருந்த மர வாங்கைக் காட்டினா.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா, உங்கட நெல்லிலை பிழை இல்லை, என்ர பெட்டியிலைதான் பிழை என்றேன். என்ன பிழை, எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவா தறப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, முதல் நாளே காஞ்சிருந்ததோ என்று மட்டும் கேட்டா. ஓம் அக்கா, முதல் நாளே என்றேன். அவா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

“களஞ்சியத்திலை ஈரமெண்டு சொல்லேக்கை நான் நம்பேல்லைத் தம்பி. அதாலைதான் சும்மா பேருக்கு முத்தத்திலை பரப்பிப்போட்டு அள்ளிக்கொண்டு போனனான். நீர் சொன்னாப்பிறகுதான் எனக்கு என்ர பல்லிலையே சந்தேகம் வந்தது. அதுக்குப் பிறகுதான் றோட்டுக்குப் போனனான்.”

என்னோடு இந்தத் தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்களே, தேடின எண்ணைக் காட்டுகிற சாமான் கிடைக்காத வருசம்தான் எங்களுக்கு நல்ல வருசம்.